மூன்று பாட்டு தூரம்

நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஹார்லிக்ஸ், ஆப்பிள் சகிதம் உறவினர்கள் வரத் தொடங்குவார்கள். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பும்போது, "ஒரு வேலையும் செய்யாதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அக்டோபர் வந்தால் எங்கள் வானொலி நிகழ்ச்சியில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவோம். சிகிச்சை முடித்த நேயர்கள் அழைக்கும்போது, இப்போது நாள் எப்படிப் போகிறது என்று நான் மறக்காமல் கேட்பேன். "சும்மாதாம்மா இருக்கேன், வீட்ல ஒண்ணும் செய்ய விடமாட்டாங்க" என்பார்கள். அந்தக் குரலில் இருப்பது பெருமையா அலுப்பா என்று, குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கே பல நேரம் பிடிபடுவதில்லை.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2007 முதல் 2011 வரையிலான அறிக்கைப்படி, மலேசியப் பெண்களில் 30 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு. இந்தியப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 24 பேரில் ஒருவர். ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு மேசை சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களுக்கும், கீமோ மருந்து ஏறிய மறுநாளுக்கும் ஓய்வு தேவைதான். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நாற்காலியும் கட்டிலுமாகவே இருப்பதுதான் பிரச்சினை. அசையாத தசை கரையும். தசை கரைந்தால் குளியலறைக்குப் போய்வருவதே பெரிய வேலையாகும். அந்த அலுப்பைப் பார்த்துவிட்டு வீட்டார் இன்னும் படுக்கச் சொல்வார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி 2019இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் மிதமான உடற்பயிற்சி செய்தால் புற்றுநோயாளிகளின் களைப்பும் மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாக அது சொன்னது. களைப்புக்கு மருந்து நடை என்றால் நம் பாட்டிகள் சிரிப்பார்கள். ஆனால் ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன.

அடுத்த பயம் கை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்க வாய்ப்புண்டு. அதனால் வாளி தூக்காதே, பேரனைத் தூக்காதே என்று காலமெல்லாம் தடை போடப்பட்டது. கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்பு போட வைத்தார். பலரும் பயந்தபடி யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. அழுத்த உறை அணிந்து, பயிற்சியாளர் துணையோடு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி வாரம் இருமுறை எடை தூக்கியவர்களில் 14 விழுக்காட்டினருக்கு வீக்கம் மோசமானது. தூக்காதவர்களில் அது 29 விழுக்காடு. நம் நாட்டிலும் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்துக்கு ‘பிங்க் சேலஞ்சர்ஸ்’ என்றொரு டிராகன் படகு அணி உண்டு.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எழுந்து நடப்பது வேறு கதை. அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, டெங்கிலில் என் பெரியம்மா வீட்டில் பார்த்தேன்.

பெரியம்மா பிராங் பெசார் தோட்டத்துக்காரர். புத்ராஜெயா எழுவதற்கு முன்பு அந்த நிலம் ரப்பர் தோட்டமாக இருந்ததை இளைய வாசகர்களுக்கு ஒருமுறை சொல்லிவைக்கிறேன். விடியும் முன் பெரட்டு, பிறகு நிரை நிரையாக நடந்து பால் வெட்டு, மறுபடி அதே நிரைகளில் நடந்து பால் சேகரிப்பு. தோட்டம் போனதும் அங்கிருந்த குடும்பங்களில் பலர் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். பெரியம்மா அப்புறமும் சைபர்ஜெயாவில் துப்புரவு வேலைக்குப் போனார். தன் வாழ்க்கையில் அவர் நடந்த தூரத்தை எந்தக் கருவியும் எண்ணியிருக்காது. அப்படிப்பட்டவரை அறுவை சிகிச்சை, கீமோ, கதிரியக்கம் எல்லாம் முடிந்த பிறகு அண்ணனும் அண்ணியும் சோபாவில் உட்காரவைத்து, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பாசம்தான், குற்றம் சொல்ல முடியாது. பெரியம்மா மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் தேசியப் புற்றுநோய்க் கழகமும் புத்ராஜெயாவில்தான் இருக்கிறது. "நான் பால் வெட்டுன எடத்துக்கே என்னைக் காரில் கூட்டிட்டுப் போறானுங்க" என்பார்.

ஒரு தீபாவளிக்கு அண்ணன் அவருக்குக் கையில் கட்டும் பட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். காலடி எண்ணும், இதயத் துடிப்பு பார்க்கும், தூக்கம் கணக்கிடும். நூற்றைம்பது வெள்ளிக்குள் கிடைக்கிற சாதாரணப் பட்டைதான். அதில் ஏற்கெனவே பதிந்திருந்த தினசரி இலக்கு 10,000. பெரியம்மா முதல் நாள் வீட்டுக்குள்ளும் நடைபாதையிலும் நடந்து பார்த்தார். ராத்திரி அது 1,900 என்று காட்டியது. மறுநாள் 1,700. நான்காம் நாள் பட்டை டிவி மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. "தினமும் பெயில் மார்க்கு போடுது ஆயி. பள்ளிக்கூடத்துலயே நான் இவ்ளோ வாங்கல" என்றார்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது? ஊடகத் துறையில் படித்தவள் என்பதால் அழகான முழு எண்ணைப் பார்த்தால் எனக்கு விளம்பர வாசனை அடிக்கும். இதிலும் அடித்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் காலடி மீட்டர் என்று பொருள். பெயருக்காகப் பிடித்த எண் உலகம் முழுவதும் மருத்துவக் கட்டளை போல ஆகிவிட்டது. சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. ஒரு நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்கள் புற்றுநோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், நடந்ததால்தான் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்றும் இந்த வகை ஆய்வு அடித்துச் சொல்லாது. ஆனாலும் 1,900 நடக்கிற ஒருவருக்கு 10,000ஐக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை என்பது போதுமான அளவு தெளிவாகிறது.

அப்படியென்றால் இந்தக் கருவிகளால் பயனே இல்லையா? இருக்கிறது. எனக்குப் பிடித்தது மெல்பர்னில் பிரிஜிட் லிஞ்ச் குழுவினர் நடத்திய ஆய்வு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த, மாதவிடாய் நின்ற, போதிய உடற்பயிற்சி இல்லாத 83 பெண்கள். பாதிப் பேருக்குக் கைப்பட்டை கொடுத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், பட்டை கட்டியவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு 69 நிமிடம் கூடுதலாக மிதமான அல்லது அதைவிட வேகமான உடற்பயிற்சி செய்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமும் நாளொன்றுக்கு 37 நிமிடம் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் செய்தித் தலைப்புகள் நின்றுவிடும். ‘ஸ்மார்ட் வாட்ச் புற்றுநோயாளிகளுக்கு உதவுகிறது’ என்று போட்டு, பக்கத்திலேயே வாட்ச் விளம்பரமும் வந்துவிடும். ஆய்வின் விவரத்தைக் கொஞ்சம் படித்தால் இன்னொன்று தெரியும். பட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. முதலில் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, இப்போது எவ்வளவு அசைகிறீர்கள் என்று காட்டி, அவரவர்க்கு ஏற்ற இலக்கைச் சேர்ந்து முடிவுசெய்தார்கள். பிறகு அந்த 12 வாரத்தில் ஐந்து முறை தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள். பட்டை எண்ணியது. மனுஷி ஒருத்தி கூப்பிட்டு, "என்னாச்சு, இந்த வாரம் எப்படி?" என்று கேட்டாள். என் பெரியம்மாவிடம் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இது ஆய்வு அல்ல, ஒரு குடும்பத்தின் கதை.

முதலில் அடுத்த மருத்துவச் சந்திப்பில் நடக்கலாமா, கைப்பயிற்சி செய்யலாமா என்று அண்ணி கேட்டுவந்தார். உடற்பயிற்சி மருத்துவர் சில அசைவுகளைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கைப்பட்டையின் இலக்கை மாற்றினோம். ஒரு வாரம் இலக்கே வைக்காமல், கட்டிக்கொண்டு வழக்கம்போல இருக்கச் சொன்னோம். சராசரி 1,800 வந்தது. அடுத்த வாரம் 2,200 என்று வைத்தோம். நானூறு காலடி என்பது மூன்று, நான்கு நிமிட நடைதான். முதல் முறையாக அது பெரியம்மாவின் கையில் அதிர்ந்து பாராட்டியபோது, ஏதோ குத்திவிட்டது என்று பயந்துவிட்டார்.

அடுத்தது வாட்ஸ்அப் புலனம். பெரியம்மாவுக்குத் தட்டச்சு வராது, குரல் பதிவு நன்றாக வரும். என் காலை நிகழ்ச்சி முடிந்ததும் அவருடைய பதிவு காத்திருக்கும். நடந்தேன், நடக்கவில்லை, மழை, நாய், மூட்டு வலி, கீழ் வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டு பேசிவிட்டார். நானும் குரலில் பதில் போடுவேன். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்த மூட்டு வலி எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வகைகளில் சில மூட்டு வலியைத் தரும். அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருப்பதால் வலி தாங்காமல் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இப்படி வலி இருந்த 121 பெண்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு நடையும் தசைப் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுடைய வலி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. பெரியம்மா வலியைப் பற்றி டாக்டரிடம் சொன்னார். அது அந்தக் குரல் பதிவில் தொடங்கியது.

மூன்றாவது யோசனை பெரியம்மாவுடையது. அவருக்கு எண்களில் ஆர்வமில்லை. வானொலியில் பழைய பாட்டு ஓடும்போது நடப்பார். ஒரு சினிமாப் பாட்டு நான்கு நிமிடம் என்று வையுங்கள், மூன்று பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். கைத்தொலைபேசியில் ரேடியோவை வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடி நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வருவார். "இன்னைக்கு மூணு பாட்டு. நாலாவதுல நீ பேச வந்துட்டே, நான் உக்காந்துட்டேன்" என்று ஒருநாள் பதிவு போட்டார். என் தொழிலுக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் வந்ததில்லை.

பாட்டு இன்னொன்றுக்கும் உதவும். மிதமான வேகம் எது என்று கண்டுபிடிக்க உடற்பயிற்சி நிபுணர்கள் சொல்லும் எளிய சோதனை, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கூடவே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேசவே மூச்சு வாங்குகிறதென்றால் குறைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோலாலம்பூரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை வைத்து சீகொங் பயிற்சியையும் லைன் டான்ஸையும் ஒப்பிட்டு எட்டு வார ஆய்வு நடத்தி, 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் யாராவது அப்படியொன்று நடத்தினால் ஆள் சேர்த்துக் கொடுக்க நான் தயார்.

கைப்பட்டைக்குத் தெரியாதவை நிறைய. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாலோ, பேரங்காடியில் தள்ளுவண்டியைத் தள்ளினாலோ கை வீசாததால் பல காலடிகள் கணக்கில் வராது. சப்பாத்தி மாவு பிசைந்தால் சில நேரம் நடந்ததாக எண்ணிவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டாரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் கட்டாமல் மறுகையில், இறுக்காமல் கட்டுங்கள். பட்டையே வேண்டாம் என்றால் கைத்தொலைபேசியிலேயே காலடி எண்ணும் செயலி பெரும்பாலும் இருக்கும், ஆனால் அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும். மேசையில் கிடக்கும் போன் யாருக்காகவும் நடக்காது.

முக்கியமாக, அது மருத்துவர் அல்ல. இரத்த அணுக்கள் குறைந்திருக்கிறதா, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, கீமோவால் பாதம் மரத்துப்போய்த் தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சில மருந்துகள் இதயத்தையும் பாதிக்கும். ஆகவே தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடமோ உடற்பயிற்சி மருத்துவரிடமோ கேளுங்கள். காய்ச்சல், நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், புதிதாக எலும்பு வலி என்று எது வந்தாலும் அன்றைய இலக்கை விட்டுவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். கீமோ வாரத்தில் இலக்கைப் பாதியாகக் குறைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெயில் ஏறும் முன் நடங்கள். புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே மூன்று பாட்டு.

தனியாகத் தூண்டிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும் என்பது நம் ஊரில் புதிய யோசனையும் அல்ல. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் நோயாளி வழிகாட்டித் திட்டம் தொடங்கியது. பரிசோதனையிலிருந்து சிகிச்சை வரை நோயாளியோடு கூடவே வந்து, தடைகளைப் பேசித் தீர்த்து, பாதியில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பதுதான் அதன் சாரம். சிகிச்சைக்கு அப்படி ஓர் ஆள் இருக்க முடியுமென்றால், சிகிச்சை முடிந்த பிறகான நடைக்கும் இருக்கலாம். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்த அழைப்பு தமிழில் வந்தால் என் பெரியம்மா போன்றவர்கள் பேசுவார்கள். நான் பார்த்த செயலிகள் ஆங்கிலத்தில்தான் பாராட்டுகின்றன. "குட் ஜாப்" என்று அது சொன்னபோது, "என்னமோ வேலை கேக்குது பாரு" என்றார் பெரியம்மா.

அந்த வேலையை இப்போதைக்கு வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். ஷா ஆலத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகளுக்கும் மருமகனுக்கும் குரல் பதிவு கேட்க இரண்டு நிமிடம் கிடைக்கும். கேட்கும்போது "எத்தனை ஸ்டெப்?" என்று தொடங்காதீர்கள். எங்கே நடந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று தொடங்குங்கள். எண் தானாக வரும்.

கைப்பட்டை வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. கடையில் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அமைப்புக்குள் போய் அந்த 10,000ஐ அழித்துவிடுங்கள். முதல் வாரத்துக்கு எண் எதுவும் வேண்டாம். இரண்டாவது வாரம் என்ன எண் போடுவது என்று, அதைக் கட்டிக்கொள்ளப்போகிறவரைக் கேளுங்கள்.